நூத்திநாலக்கா

பேர் வைப்பதற்கென்றே சிலர் பிறந்து வந்திருக்கிறார்கள். பெட்ரோலியப் பொறியியல் துறையில் அந்த வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த பையனுக்கே 'மைக்' என்றுதான் பேர். அவன் ஆய்வகத்தில் தும்மினால் வாசலில் நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். முதுகலை வகுப்பில் தன்னோடு படிக்கிற, தன்னைவிடப் பத்து வயது மூத்த, ஒரு பிள்ளைக்குத் தாயான மாணவிக்கு 'நூத்திநாலக்கா' என்று பேர் வைத்தவன் அவன்தான்.

பேர் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். பூமிக்கடியில் எண்ணெய் ஏதோ குளம் மாதிரி தேங்கிக் கிடக்கிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். கிடையவே கிடையாது. கல்லுக்குள்ளே, கண்ணுக்குத் தெரியாத துளைகளில் ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. அந்தக் கல்லில் விரல் நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டி, இரும்புக் கூட்டுக்குள் இறுக்கி, எண்ணெயை ஏற்றி ஊறவைத்து, ஒரு பக்கம் பம்ப் போட்டுத் தண்ணீரைத் தள்ளினால் மறுபக்கம் குழாய் வழியாக ஒரு ஜாடியில் எண்ணெய் சொட்டும். கல்லுக்குள் இருந்ததில் எத்தனை சதவீதம் வெளியே வந்தது என்பதுதான் கணக்கு. பாதி வந்தாலே பெரிய விஷயம். அக்கா தன் முதல் கருத்தரங்கில், அத்தனை பேர் முன்னால், திரையில் போட்டுக் காட்டிய விடை நூற்று நான்கு சதவீதம்.

"நூறு ஊத்துனா நூத்திநாலு வருதா? அக்கா, நாளைக்கு எங்க வீட்டுப் பால் பாத்திரத்தைக் கொண்டு வரேன், கொஞ்சம் தொட்டுக் குடுங்க!" என்றான் மைக். அறையே சிரித்தது.

கல்லிலிருந்து ஜாடிக்குப் போகிற குழாயிலும் எண்ணெய் நிற்கும். அதுவும் சேர்ந்துதான் ஜாடியில் சொட்டும். அதைக் கழிக்க மறந்துவிட்டாள், அவ்வளவுதான். புதிதாக வருகிற எல்லோரும் செய்கிற தப்பு. ஆனால் மற்றவர்கள் மூலையில் உட்கார்ந்து செய்துவிட்டு அழித்துவிடுவார்கள். இவள் மேடையேறிச் செய்தாள். மானம் கப்பலேறிவிட்டது.

வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் அழுதாள். "நூத்திநாலு வந்துருச்சு அத்தை!"

"நூத்துக்கு நூத்திநாலா! அதுக்கு ஏம்மா அழற?" என்ற மாமியார், விளக்கத்துக்குக் காத்திருக்காமல் பக்கத்து வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். அதோடு அந்த மார்க் தெரு முழுக்கப் பரவிவிட்டது. திருத்துவதற்கு அவளுக்கு மனசும் வரவில்லை, தெம்பும் இல்லை.

அந்த மாமியாரைச் சாதாரணமாக எடை போட்டுவிடாதீர்கள். மகன் கப்பல் வேலையில் பாதி வருடம் கடலில் இருப்பவன். பெயிண்ட் கம்பெனி ஆய்வகத்தில் வேலை பார்த்த மருமகள் விடுப்பு எடுத்து மேலே படிக்க ஆசைப்பட்டபோது, "பிள்ளையும் அடுப்பும் என் பொறுப்பு, நீ படி" என்று முதலில் சொன்னது அவர்தான். "பெட்ரோல் படிப்பா? முடிச்சுட்டு பங்க் வைக்கப் போறாங்களா?" என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டபோது, "ஆமா, வைப்பா. உன் ஸ்கூட்டருக்கு மட்டும் ஊத்த மாட்டா" என்று ஒரே போடாகப் போட்டவர்.

அழுது முடித்த அக்கா அடுத்த நாளே நீளக் குழாய்களையெல்லாம் கழற்றி எறிந்தாள். சாண் அளவுக்கு வெட்டி மாட்டினாள். அந்தச் சின்னக் குழாயிலும் எவ்வளவு எண்ணெய் நிற்கும் என்று ஊசிக்குழலால் அளந்தாள். ஒரு தாளில் கொட்டை எழுத்தில் 'குழாயைக் கழி!' என்று எழுதி, அளவையும் கீழே குறித்து, பம்புக்கு மேலே சுவரில் ஒட்டினாள். அதற்குச் சற்று மேலே ஓர் ஆணி இருந்தது. மைக் தினமும் வந்து தன் வெள்ளைக் கோட்டை அதில் மாட்டுவான். தாள் கோட்டுக்குப் பின்னால் போய்விடும். அவளும் சொல்லிச் சொல்லி அலுத்து விட்டுவிட்டாள்.

இரண்டாம் வருடம் முழுக்க அவளுக்கு ஒரே வேலை. வெறும் தண்ணீருக்கு அசையாமல் கல்லோடு ஒட்டிக்கொண்டிருக்கும் எண்ணெயைக் கிளப்ப, தண்ணீரில் சோப்பு மாதிரி ஒரு கலவையைச் சேர்த்துப் பார்ப்பது. பெயிண்ட் கம்பெனியில் கற்றது இங்கே கைகொடுத்தது. எத்தனையோ கலவை வீணானது. ஒன்று கூழாகிக் குழாயை அடைத்தது, இன்னொன்று நுரைத்து மேஜையெல்லாம் வழிந்தது. கடைசியில் ஒன்று வாய்த்தது. எண்பத்தொரு சதவீதம்! குழாயைக் கழித்தாள், மறுபடி கழித்தாள். எண்பத்தொன்றுதான்.

அடேயப்பா, அன்றைக்கு அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆனால் ஆய்வேட்டை நீட்டியபோது வழிகாட்டியான மேடம் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

"நான் நம்பறேன். ஆனா உன் பேரு நூத்திநாலு. வெளிய இருந்து தேர்வு வைக்க வர்றவங்க காதுக்கும் அது போயிருக்கும். வேற ஒருத்தர் கையால இதே எண் வரட்டும், கையெழுத்து போடறேன். வரலைன்னா இன்னொரு வருஷம்."

இன்னொரு வருஷமாவது, மண்ணாவது! அந்த மாதத்தோடு அவளுடைய படிப்பு விடுப்பு முடிகிறது. நீட்டிக்க முடியாது என்று பெயிண்ட் கம்பெனி கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. கையெழுத்து விழாவிட்டால் பட்டம் கிடையாது. பெயிண்ட் டப்பாக்களுக்கு நடுவே அதே பழைய நாற்காலிதான்.

"யார் கையால மேடம்?"

"அந்த மெஷினை ஓட்டத் தெரிஞ்சவன் இன்னொருத்தன்தானே இருக்கான்."

மைக். பேர் வைத்தவனே.

சோதனை நாளன்று அவள் எதையும் தொடக்கூடாது, வாயைத் திறக்கக்கூடாது என்று மேடத்தின் உத்தரவு. எதிர்மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்து, கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டாள். மைக் கோட்டைக் கழற்றி வழக்கம்போல ஆணியில் மாட்டினான். கல்லை ஏற்றினான், திருகினான், பம்பைப் போட்டான். இன்னும் அரைச் சுற்று திருகேன்டா என்று சொல்ல அவளுக்கு நாக்கு துடித்தது. கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு ஜாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கறுப்பாகச் சொட்டியது. பிறகு பழுப்பாக. பிறகு தண்ணீர் மட்டும். மைக் குனிந்து அளவைப் பார்த்தான், கால்குலேட்டரைத் தட்டினான், நிமிர்ந்தான்.

"மேடம்! நூத்திமூணு!"

நடைவழியில் போனவர்கள் எல்லாம் வந்து எட்டிப் பார்த்தார்கள். "நூத்திமூணு! நான் அப்பவே சொன்னேனே, அக்காவோட கணக்கு..." என்று ஆரம்பித்தவனை மேடம் பார்த்தார்.

"ஓட்டினது யாருப்பா?"

"நான்தான் மேடம்."

"கணக்கு போட்டது?"

"அதுவும்... நான்தான்."

அக்காவுக்கு ஒரு கணம் உயிர் போய் உயிர் வந்தது. போனது நூத்திமூணு என்று கேட்டபோது. வந்தது, நூறைத் தாண்டிய எண் எந்தத் தப்பில் வரும் என்று அடையாளம் தெரிந்தபோது. அவளுக்கா தெரியாது? இரண்டு வருடமாக அவள் பேரே அந்தத் தப்புதானே!

"மேடம், ஒரே ஒரு வார்த்தை பேசலாமா?"

"ம்ம்."

"தம்பி, அந்தக் கோட்டைக் கொஞ்சம் எடு."

மைக் எடுத்தான். சுவரில் கொட்டை எழுத்து: 'குழாயைக் கழி!'

அவன் கிட்டே போனான். தாளில் இருந்த அளவைப் பார்த்தான், மெதுவாகக் கால்குலேட்டரைத் தட்டினான், ஏதோ முணுமுணுத்தான்.

"கேக்கல" என்றார் மேடம்.

"எண்பது புள்ளி ஆறு."

"வாசல் வரைக்கும் கேக்கணும். அதுக்குத்தானே உனக்கு அந்தக் குரல்?"

"எண்பது புள்ளி ஆறு மேடம்!" கத்தினான் பாருங்கள், ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அக்கா தொடைக்கடியிலிருந்து இரண்டு கைகளையும் வெளியே எடுத்து, ஸ்டூலிலிருந்து எழுந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அழுகையும் வந்தது, அதையும் விட்டுவிட்டாள்.

"எண்பத்தொண்ணுதான்" என்ற மேடம் நின்ற வாக்கிலேயே ஆய்வேட்டை வாங்கிக் கையெழுத்து போட்டார். "வெளியாள் வரட்டும், நான் பேசிக்கறேன். பட்டம் உனக்குத்தான்."

மைக் கோட்டைக் கையில் சுருட்டிக்கொண்டு பக்கத்தில் வந்தான். "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. இனிமே அந்தப் பேரை நானே வச்சுக்கறேன்."

"ஆசையைப் பாரு! அது என் பேரு, யாருக்கும் தரமாட்டேன். நீ நூத்திமூணு. ஒண்ணு கம்மி."

வெளியே வந்து முதல் வேலையாக வீட்டுக்குப் போன் போட்டாள். "அத்தை, கையெழுத்தாயிருச்சு! எண்பதுக்கு மேல வந்துருக்கு!"

"எண்பதா? ஏம்மா, நூத்திநாலு எடுத்தவளாச்சே நீ?"

"அந்த நூத்திநாலுல கழிக்க வேண்டியது இருந்துச்சு அத்தை. இது எல்லாத்தையும் கழிச்சது போக நின்னது. இனிமே இதுல யாராலயும் ஒண்ணும் கழிக்க முடியாது."

"அப்படிச் சொல்லு! இரு, வந்துடறேன்" என்றவர் போனைத் துண்டிக்காமல் அப்படியே வைத்துவிட்டுப் போனார். கதவு திறக்கிற சத்தம் கேட்டது. அப்புறம், மைக்கெல்லாம் பிச்சை வாங்க வேண்டிய குரலில், தெருவுக்கே அறிவிப்பு வந்தது: "எங்க மருமகளுக்கு எண்பது!"