ஆமை நகரவில்லை

விலங்குக் காட்சிசாலையில் அவரை எல்லோரும் ஆமைக்காரர் என்பார்கள். கீரை போட வேண்டும், தண்ணீர் மாற்ற வேண்டும், மாலையில் நிகழ்வுப் பதிவேட்டில் ஒரு வரி எழுத வேண்டும். பதினோரு வருடமாக ஒரே வரி: ‘ஆமை நகரவில்லை.’ திங்கட்கிழமை காலையிலேயே சனிக்கிழமை வரைக்கும் எழுதிக் கையெழுத்தும் போட்டுவிடுவார்.

செவ்வாயன்று புது மேலாளர் ஏட்டைப் புரட்டினார்.

“என்னங்க இது? வியாழக்கிழமை நடக்கப்போறதை இன்னைக்கே எழுதி வச்சிருக்கீங்க?”

“நடக்கலைன்னுதானே சார் எழுதியிருக்கேன்.”

“பதிவுன்னா கண்ணால பாத்ததுக்கு அப்புறம் எழுதுறது. முன்னாலயே எழுதினா அது ஜோசியம்.”

“இதுவரைக்கும் ஒண்ணுகூடத் தப்பலையே சார்.”

மேலாளர் ஒரு சாக்பீஸை வரவழைத்தார். ஆமையைச் சுற்றி வட்டம் போட்டார். “சனிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள இது கோட்டைத் தாண்டினா உங்களுக்கு முதலைக் குளத்துக்கு மாத்தல்.”

முதலைக் குளத்தில் அவர் மனைவியின் தம்பி வேலை பார்த்தான். அவன் இடது கையில் விரல்கள் நான்கு.

“வாங்க மாமா,” என்றான் அவன். “தனியா இருந்து போரடிக்குது.”

ஆமைக்காரர் கீரையை ஆமையின் மூக்குக்கு நேரே வைத்தார். தண்ணீரைக் கிண்ணத்தில் நீட்டினார். வெயில் பட்டால் குடை பிடித்தார். புதன், வியாழன், வெள்ளி போயின. ஆமை கல்லாகக் கிடந்தது.

சனிக்கிழமை நாலே முக்காலுக்குக் கழுத்தை நீட்டியது.

“அடேய், கால் மணி நேரம்டா! உன் காலைப் பிடிச்சுக்கறேன்.”

ஆமை கோட்டைத் தாண்டி நான்கடி நடந்து வந்து, அவர் செருப்பின் மேல் தலையை வைத்தது. சுற்றிலும் பார்த்தார். யாரும் இல்லை. தூக்கி வட்டத்துக்குள் வைத்தார். அது திரும்பவும் செருப்புக்கே வந்தது.

பதிவேட்டைத் திறந்தார். ஏற்கனவே எழுதியிருந்த ‘நகரவில்லை’யை வெகுநேரம் பார்த்தார். பிறகு அடித்துவிட்டு எழுதினார்: ‘4.45: நகர்ந்தது. நான்கடி. தூக்கி வைத்தேன். மறுபடி நகர்ந்தது.’

ஐந்து மணிக்கு வந்த மேலாளர் இரண்டு தடவை படித்தார். முகம் மலர்ந்தது.

“இதுதாங்க பதிவு! பிரமாதம். திங்கட்கிழமை முதலைக் குளத்துக்குப் போயிடுங்க. அங்கேயும் ஏடு இருக்கு. முன்கூட்டி எழுதிடாதீங்க.”

“இல்ல சார். முதலை நகரலைன்னா நான் எழுதறேன். நகர்ந்துச்சுன்னா மச்சான்தான் எழுதணும்.”