இடைவெளியில் ஒரு டிக்

அலுவலகத்தில் அவளுக்குப் பூனைக்காது என்று பெயர். பெயர் வைத்தது தங்கைதான். மறந்துவிட்டுப் போன சாப்பாட்டுப் பையைக் கொடுக்க ஒருநாள் வந்தவள், அத்தனை பேர் நடுவில் "ஏய் பூனைக்காது!" என்று கத்தித் தொலைத்தாள். அன்றிலிருந்து மேலாளர் முதல் வாசல் காவல்காரர் வரை அதுவே நிலைத்துவிட்டது.

பொருத்தமில்லாத பெயர் என்று சொல்ல முடியாது. அது ஒலிப்புத்தகம் தயாரிக்கும் இடம். அவளுடைய வேலை சுத்தம் செய்வது. விளக்குமாற்றால் இல்லை, காதால். படிப்பவர் எச்சில் விழுங்குவது, பக்கம் புரட்டுவது, பசியில் வயிறு இரைவது, அடுத்த தெரு நாய் குரைப்பது எல்லாவற்றையும் தேடிப் பிடித்துத் துடைக்க வேண்டும். பத்து வருஷமாகத் துடைக்கிறாள். ஊசி விழுந்தால் எந்த மூலையில் விழுந்தது என்று சொல்லுவாள். அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு, இல்லாமல் என்ன.

அந்த வாரம் ஆளுக்கொரு புது டாங்கிள் கொடுத்தார்கள். இப்போதெல்லாம் கைபேசியில் ஹெட்ஃபோன் செருக ஓட்டையே வைப்பதில்லையே, அதற்காக வந்த விரல்நீளச் சமாசாரம். ஒரு முனையைச் சார்ஜ் போடும் இடத்தில் செருகி, மறுமுனையில் ஹெட்ஃபோனை மாட்ட வேண்டும். நடைபாதையில் வாங்கிய பழையது ஒன்று அவளிடம் இருந்தது. அதில் எதைக் கேட்டாலும் அடியில் தூறல் விழுகிற மாதிரி ஓர் இரைச்சல் ஓடிக்கொண்டே இருக்கும். புதியதில் அது கிடையாது.

"கேக்குற ஜனமெல்லாம் ஃபோன்லதான் கேக்குது, நாமளும் அதுலயே ஒரு தடவை கேட்டுட்டு அனுப்புவோம்" என்றார் மேலாளர். "ஆனா இது பொல்லாதது. நம்ம திருட்டையே காட்டிக் குடுத்துடும். இதைக் கேளு."

புதிதாகச் சேர்ந்த ஒருவர் வெட்டி ஒட்டிய பதிவை ஓடவிட்டார். வாக்கியத்துக்கு வாக்கியம், இடைவெளியில் டிக் என்று மெலிதாக ஒரு சத்தம்.

"வெட்டின இடத்தைச் சும்மா விட்டிருக்கான். அங்க சத்தமே கிடையாது, முழுப் பூஜ்யம். அது வந்தா இந்த டாங்கிள் தூங்கிடும். தூங்கும்போதுதான் அந்த டிக்."

அவளுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. உலகத்தில் எந்த அறையும் முழு மௌனமாக இருப்பதில்லை. காற்று இருக்கும், சுவர் இருக்கும், மூச்சு இருக்கும். அதனால் வெட்டிய இடத்தில் அதே அறையின் வெறுஞ்சத்தத்தைக் கொஞ்சம் எடுத்துப் போட்டு ஒட்ட வேண்டும். தொழிலில் அதுதான் அரிச்சுவடி.

சனிக்கிழமை மதியம் டாங்கிளை வீட்டில் எடுத்து வைத்துக்கொண்டாள். எந்தப் புதுக் கருவி வந்தாலும் நன்றாகப் பழகிய குரலைப் போட்டுத்தான் சோதிப்பாள். அவளுக்குப் பழகிய குரல் என்றால் தங்கை குரல்தான்.

தங்கைக்குக் கல்யாணமாகி எட்டு மாதம். பஸ்ஸில் ஒரு பகல் முழுக்கப் போக வேண்டிய தூரம். முதலில் ஃபோனில் பேசிக்கொண்டிருந்தவள், பிறகு "அவருக்கு ஃபோன் அடிச்சாலே தலைவலிக்கா" என்று பேச்சை நிறுத்தி, தினமும் காலையில் ஒரு குரல்செய்தி அனுப்ப ஆரம்பித்தாள். அம்மாவுக்குக் காது மந்தம். இரைச்சலோடு கேட்டால் ஒன்றும் பிடிபடாது. ஆகவே அக்கா அந்தச் செய்தியை அலுவலகக் கணினியில் போட்டு, தங்கை குரலைத் தவிர மற்றதையெல்லாம் தானாகவே துடைத்துவிடும் மென்பொருளை ஓடவிட்டு, சாயங்காலம் அம்மாவுக்குப் போட்டுக் காட்டுவாள். அவளும் அப்போதுதான் கேட்பாள். சுத்தம் செய்யாத குரலைக் கேட்க அவளுக்குப் பொறுமை கிடையாது. பழக்கதோஷம்.

ஆக, தங்கையின் செய்தியை வந்தபடியே அவள் கேட்பது இதுதான் முதல் தடவை. காலையில் வந்ததைப் போட்டாள்.

"பூனைக்காதுக்காரி, கேக்குதா?"

ஒரு கணம் நிறுத்தம். அந்த நிறுத்தத்தில், கைபேசிக்கு வெகு பக்கத்தில், ஓர் ஆண்குரல் கிசுகிசுத்தது. "நல்லா இருக்கேன்னு சொல்லு."

"நான் நல்லா இருக்கேன்க்கா."

"உடம்பு முடியல, இந்த மாசம் வர முடியாதுன்னு சொல்லு."

"கொஞ்சம் உடம்பு முடியல. இந்த மாசம் வர முடியாது."

"சிரி."

தங்கை சிரித்தாள்.

நேற்றையதைப் போட்டாள். முந்தாநாள். போன வாரம். போன மாதம். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் அந்தக் கிசுகிசுப்பு இருந்தது. பொறுமையாக, பாடம் சொல்லிக்கொடுக்கிற மாதிரி. பின்னால் போகப் போக, கல்யாணமான மூன்றாம் மாதத்தில் ஓரிடத்தில்தான் அது தொடங்கியிருந்தது. அதே நாளில்தான் "பூனைக்காதுக்காரி, கேக்குதா?" என்பதும் தொடங்கியிருந்தது. அதற்கு முன்பு வெறும் "அக்கா"தான்.

கேலி செய்கிறாள் என்று நினைத்திருந்தாள். நினைத்ததோடு விட்டாளா, தினமும் பதிலும் எழுதினாள். "கேக்குதுடி கழுதை." பக்கத்தில் ஒரு சிரிக்கும் முகம். நூற்று நாற்பத்தேழு நாள். அக்கா கேட்டுவிட்டாள், இன்றைக்கு வருவாள், நாளைக்கு வருவாள் என்று அந்தப் பெண் நூற்று நாற்பத்தேழு நாள் வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள். இவளோ, தன் கையாலேயே பொத்தானை அழுத்தி, அவன் குரலைத் தினமும் துடைத்துக்கொண்டிருந்தாள். ஊர் மெச்சிய காது!

ஆத்திரக்காரருக்குப் புத்தி மட்டு. சத்தம் காட்டாமல் பஸ் ஏறியிருக்க வேண்டும். அவள் தங்கை எண்ணுக்கு ஃபோன் அடித்தாள்.

"சொல்லுங்கக்கா" என்றான் தங்கை புருஷன். தேன் ஒழுகியது.

"அவகிட்ட குடுங்க."

"தூங்குறாக்கா."

"மதியம் மூணு மணிக்கா? எழுப்புங்க. நான் பேசணும்."

"பாவம், அசந்து தூங்குறா. எழுந்ததும் பேசச் சொல்றேன்."

"நீங்க சொல்லச் சொல்லத்தானே பேசுவா? பின்னாடி நீங்க கிசுகிசுக்கிறது எல்லாம் எனக்குக் கேக்குது, தெரியுமா?"

சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டது உறைத்தது. நுணலும் தன் வாயால் கெடும். மறுமுனையில் அவன் சிரித்தான்.

"காதுன்னா காதுக்கா. அவ சொல்லிக்கிட்டே இருப்பா, நான்தான் நம்பல."

வைத்துவிட்டான். மறுபடி அடித்தாள். அடித்து அடித்து ஓய்ந்தது. மாற்றுத்துணி இரண்டைப் பையில் திணித்தாள். தண்ணீர்ப் புட்டியைத் தேடினாள், அது கையிலேயே இருந்தது. அவள் போட்ட சத்தம் மந்தக் காதையும் எட்டியதோ என்னவோ, அம்மா உள்ளேயிருந்து வந்தாள்.

"எங்கடி கிளம்புற?"

"தங்கச்சி வீட்டுக்கு."

"சொல்லாம கொள்ளாமயா? மாப்பிள்ளை என்ன நினைப்பாரு?"

கைபேசி முனகியது. தங்கை எண்ணிலிருந்து ஒரு குரல்செய்தி.

"பாத்தியா, ஆயுசு நூறு" என்றாள் அம்மா. "எனக்கும் போடு."

அவள் முதலில் தன் காதில் மாட்டிக்கொண்டாள்.

"அக்கா." டிக். "நான் நல்லா இருக்கேன்." டிக். "அம்மாவைப் பாத்துக்கோ." டிக். "நீங்க யாரும் வர வேண்டாம்." டிக்.

கிசுகிசுப்பு இல்லை. காற்று இல்லை, சுவர் இல்லை, மூச்சு இல்லை. அந்த "அக்கா"வில் மூக்கடைத்திருந்தது. அது கல்யாணமான இரண்டாம் மாதம் சளி பிடித்திருந்தபோது சொன்ன அக்கா. அதே நாள் அவளே கஷாயம் வைத்துக் குடி என்று எழுதியிருந்தாள். "அம்மாவைப் பாத்துக்கோ" அம்மா வழுக்கி விழுந்த வாரம் சொன்னது. "நீங்க யாரும் வர வேண்டாம்" என்பது மழைக் காலத்தில், ரோடு அடைத்திருந்தபோது. அம்மாவுக்காகத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்ட துண்டுகள். எது எந்த நாள் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவாள். "பூனைக்காதுக்காரி, கேக்குதா?" மட்டும் இதில் இல்லை.

நேற்று வரைக்கும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தாவது அவளைப் பேச வைத்தான். இன்றைக்குப் பழைய குரலை ஏன் வெட்டி ஒட்ட வேண்டும்? அந்தக் கேள்வியை முழுசாக நினைக்கக்கூட அவளுக்குப் பயமாக இருந்தது.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற? குடு இப்படி." அம்மா ஹெட்ஃபோனைப் பிடுங்கி மாட்டிக்கொண்டு, கண்ணை மூடிக் கேட்டாள். முகம் மலர்ந்தது. "அடி ஆத்தி! இன்னிக்குத்தாண்டி தெளிவா இருக்கு. ஒரு இரைச்சல் இல்ல. நீ சுத்தம் பண்ணினியா?"

"இல்லம்மா."

"பின்னே, அவளே கத்துக்கிட்டாளா? கெட்டிக்காரி. இன்னொரு தடவை போடு."

போட்டுக் கொடுத்துவிட்டு, அலமாரி மேலிருந்த அம்மாவின் சின்ன ஃபோனை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் போனாள். போலீஸ் எண்ணை அழுத்தினாள். விலாசத்தை ஒருமுறைக்கு இருமுறை நிதானமாகச் சொன்னாள். உடனே ஆள் அனுப்பச் சொன்னாள். தான் வந்து சேர விடிந்துவிடும், அதுவரை தாங்காது என்றாள்.

எடுத்தவர் சலிப்பில்லாமல்தான் கேட்டார். "அடிக்கிற சத்தம் கேட்டுச்சாம்மா?"

"இல்ல சார்."

"அழுகைச் சத்தம்? யாராவது கத்தினாங்களா?"

"இல்ல."

"அப்புறம் என்னதாம்மா கேட்டுச்சு?"

"ஒண்ணுமே கேக்கல சார்" என்றாள். "அவ மூச்சு விடுறதுகூடக் கேக்கல. அதுக்குத்தான் கூப்பிடுறேன்."

அவர் விலாசத்தை மறுபடி கேட்டு எழுதிக்கொண்டார். கூடத்தில் அம்மா மூன்றாவது தடவையாகக் கேட்டு, மகள் சொல்கிற ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.