கழுத்துக்குக் கீழே

எங்கள் வீட்டின் முன்னறைதான் கடை. மூன்று இரும்பு அலமாரிகளில் பெண்களுக்கான டாப்ஸ்களை அளவுவாரியாக அடுக்கியிருக்கிறோம். வாங்குபவர்கள் யாரும் இங்கே வருவதில்லை. ஒரு விற்பனைத் தளத்தில், போனில் படம் பார்த்து ஆர்டர் போடுகிறார்கள். சாயங்காலம் கூரியர்காரர் வந்து பார்சல்களை எடுத்துப்போகிறார்.

படங்களில் இருப்பது என் அக்கா. அவள் கூச்சப்படவில்லை, அண்ணன்தான் கூச்சப்பட்டான். "அக்கா மூஞ்சிய ஊருக்கெல்லாம் காட்ட முடியாது" என்று எல்லாப் படங்களையும் கழுத்தோடு வெட்டினான்.

"சின்ன வயசுல முண்டம்னு திட்டுவ. இப்ப படத்தோட நிரூபிச்சுட்டியேடா" என்று அக்கா சிரித்தாள்.

ஐந்து நாள் காய்ச்சலில் அக்கா போய்ப் பத்து மாதம் ஆகிறது. அதன் பிறகு வந்த சரக்கையெல்லாம் அண்ணன் ஹேங்கரில் மாட்டித்தான் படம் எடுக்கிறான்.

வாடிக்கையாளர்களின் கேள்விகளுக்குப் பதில் போடுவது என் வேலை. நான் வேதியியல் படித்தவள். பேசச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும், தட்டச்சு செய்வது சுலபம். "இவங்க உயரம் என்ன?" என்று கேட்பார்கள். "ஐந்தடி மூன்று அங்குலம். எம் சைஸ் அணிந்திருக்கிறார்" என்று எழுதுவேன்.

சொந்தக்காரர்கள் எல்லாரும் அக்காவை 'இருந்தா' என்றுதான் சொல்கிறார்கள். கேள்வி கேட்கும் இவர்களுக்கு மட்டும் அவள் இருக்கிறாள். அதை முதலில் கவனித்தது அம்மாதான். தினமும் மதியம் கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்காருவாள்.

"இன்னிக்கு யாராச்சும் கேட்டாங்களா?"

"ஒருத்தங்க கேட்டாங்கம்மா. இவங்களுக்குக் கை நீளமான்னு."

"நீளம்தான். அப்படியே உங்கப்பா கை."

சரக்கு தீர்ந்தால் அந்தப் படம் இருக்கும் பக்கம் தானாக மூடிக்கொள்ளும். பத்து மாதத்தில் ஒவ்வொன்றாக மூடி, கடைசியில் அக்கா படத்தோடு ஒரு பச்சை டாப்ஸ் மட்டும் மிஞ்சியது. அதிலும் ஒரே ஒரு எம். படத்துக்காக அக்கா போட்டுக்கொண்டது அதைத்தான். மற்றவை விற்ற பிறகு சாம்பிளையும் விற்பது வழக்கம். அதை எடுத்து ஒளித்துவைக்கலாம். ஆனால் அப்போது இருப்பைப் பூஜ்யமாக்க வேண்டும், பக்கம் போய்விடும். அதனால் யாரும் வாங்கக் கூடாதென்று விலையை இரண்டு மடங்காக்கினேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஆர்டர் வந்தது. கூடவே ஒரு குறிப்பு: "விலை அதிகமா இருக்கறதால துணி நல்லா இருக்கும்னு நம்பி வாங்கறேன்."

"யாரு விலைய ஏத்தினது?" என்றான் அண்ணன். அவன் படத்தைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான்.

"ரத்து பண்ணிடலாம்ணா."

"போன மாசமே ரெண்டு ரத்து. இன்னொண்ணு ஆச்சுன்னா தளத்துக்காரங்க கடையையே தூக்கிடுவாங்க. அப்புறம் மூணு பேரும் காத்தைக் குடிச்சுட்டு உக்காந்திருக்கலாம்." சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "அதிகமா வாங்கின பாதிய அந்தம்மாவுக்குத் திருப்பி அனுப்பிடு."

அம்மா வாசற்படியிலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். நேராக அலமாரிக்குப் போய் டாப்ஸை எடுத்து, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பினாள். கக்கத்தில் வெள்ளையாகப் பவுடர் தடம் இருந்தது. அக்கா எப்போதும் அள்ளித்தான் பூசுவாள்.

"இப்படியே அனுப்பினா யாரோ போட்டதுன்னு திருப்பி அனுப்பிடுவாங்கம்மா" என்றான் அண்ணன், திரும்பாமலே.

"தெரியும்டா."

ஈரத்துணியால் அம்மா அந்த இடத்தைத் துடைத்தாள். தடம் போன பிறகும் துடைத்துக்கொண்டிருந்தாள். நான்தான் அவள் கையிலிருந்து அதை வாங்கினேன். இஸ்திரி போட்டு, மடித்து, உறையில் வைத்து முகவரியை ஒட்டினேன். கூரியர்காரர் வந்து அதை மற்ற பார்சல்களோடு பையில் போட்டுக்கொண்டார். பக்கத்தைத் திறந்து பார்த்தேன். இல்லை.

மறுநாள் மதியம் அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். எதுவும் கேட்கவில்லை. ஹேங்கரில் தொங்கும் புதுத் துணிகளின் படங்களைப் போனில் ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினேன். ஒன்றின் கீழே ஒரு கேள்வி இருந்தது.

"என்ன கேட்டிருக்காங்க?"

"சாயம் போகுமான்னு."

அம்மா கொஞ்ச நேரம் அந்த ஹேங்கரையே பார்த்தாள்.

"போகாதுன்னு போடு" என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.