குரலை மறைத்தவள்

"என் கை தவிர வேற எந்தக் கையிலயும் எம்புள்ளைய குடுத்துறாதீங்க அக்கா. அந்த ஆளு மொனராகலைக்குத் தூக்கிட்டுப் போயிட்டான்னா, மறுபடி எம்புள்ளைய நான் கண்ணால பாக்க மாட்டேன்."

காலையில் நிஷாந்தை என்னிடம் விடும்போது நிரஞ்சலா சொன்னது இது. அந்த ஆள் என்றால் அவள் புருஷன் கஜேந்திரன். அடி உதை தாங்காமல் அவனை விட்டுவிட்டு வந்தவள் அவள். "மாதா மேல சத்தியமா குடுக்க மாட்டேன், நீ மலைக்குக் கொழுந்தெடுக்கப் போ" என்று நானும் பெரிய இவளாட்டம் வாக்குக் கொடுத்தேன். வாக்குக் கொடுக்க எனக்கு என்ன யோக்கியதை? எனக்குத்தான் முகமே தெரியாதே!

கண் நன்றாகத் தெரியும், ஊசியில் நூல் கோப்பேன். ஒருவரின் கண், மூக்கு, வாய் எல்லாம் தனித்தனியாகத் தெரியும். அவர் போய்விட்டுத் திரும்பி வந்தால் எனக்குப் புது ஆள். பிறவியிலேயே இப்படி. அதற்காக நான் மக்கு இல்லை. கோயிலில் ஒரு பாட்டை ஒரு தடவை கேட்டால் பிசகாமல் பாடுவேன். இருட்டில் யார் இருமினாலும் பேரைச் சொல்வேன். மனுஷ புத்தி ஒரே கட்டி இல்லை, பல துண்டு, சிலருக்கு முகத்தை அறிகிற துண்டு மட்டும் வேலை செய்யாது என்று போனில் ஒரு டாக்டர் பேசக் கேட்டேன். அன்று அப்படி அழுதேன்.

இதெல்லாம் ஊருக்குத் தெரியாது. ஹாலிஎலக் கடைத்தெருவில் தெரிந்தவர்களைத் தாண்டிப் போய்விடுவேன். "கொரட்டிக்குத் திமிரு, பாத்தும் பாக்காத மாதிரி போறா" என்று என் பேரைச் சொல்லிப் பேசுவார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். முகம் தெரியாதவள் என்று தெரிந்தால் இந்தத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் எந்தத் தாய் குழந்தையை விட்டுவிட்டுக் கொழுந்து பறிக்கப் போவாள்? உடுப்பு, நடை, குரல் இவற்றை வைத்தே ஓட்டிவந்தேன்.

அதற்கும் வந்தது வினை. தோட்டத்தில் எல்லாருக்கும் ஒரே பச்சை மழைச்சட்டையும் ரப்பர் பூட்ஸும் கொடுத்துத் தொலைத்தார்கள். உடுப்பும் போச்சு, நடையும் போச்சு.

மத்தியானத்துக்குப் பிறகு நல்ல மழை. கூட வேலை பார்க்கிற பெண் லீவு. குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தன. பச்சைச் சட்டைக்காரி ஒருத்தி படியேறி உள்ளே வந்தாள். தொண்டையைத் தொட்டுக் காட்டி, குரல் போய்விட்டது என்று கையால் சொன்னாள். பிறகு நிஷாந்த் தூங்கும் தொட்டிலைக் காட்டினாள்.

நிரஞ்சலா உயரம்தான், நிரஞ்சலா உடம்புதான். நிரஞ்சலாவாகவும் இருக்கலாம், யேசுவே, வேறு எவளாகவும் இருக்கலாம்!

"என்னடி, காலையில நல்லாத்தானே பேசின?" என்றேன்.

அவள் உதட்டைப் பிதுக்கினாள். ஏதோ கிசுகிசுத்தாள். கிசுகிசுப்பில் ஏது குரல்? எல்லாருடையதும் ஒரே காற்றுதான். பெற்றவளிடமே "நீ யாரு" என்று கேட்டால் என் பிழைப்பு நாறிவிடும். கேட்காமல் கொடுத்துவிட்டால் நிரஞ்சலா செத்துவிடுவாள்.

நான் தயங்குவதைப் பார்த்து அவள் மழைச்சட்டையின் தலைமூடியைப் பின்னால் தள்ளினாள். நன்றாகப் பார்த்துக்கொள் என்பதுபோல முகத்தை வெளிச்சத்தில் நீட்டிச் சிரித்தாள்.

அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. பிள்ளை திருட வருகிறவள் முகத்தைத்தானே மறைப்பாள்? இவள் முகத்தைத் தாராளமாகக் காட்டுகிறாள், குரலை மட்டும் ஒளிக்கிறாள். நான் எதை வைத்து ஆளைப் பிடிப்பேன் என்று தெரிந்தவளாக இருந்தால்? நிஜமாகவே தொண்டை கட்டியிருந்தாலும் இப்படித்தானே நிற்பாள்? பாழாய்ப்போன மூளை இரண்டு பக்கமும் இழுத்தது.

ரோட்டில் ஓர் ஆட்டோ நின்று உறுமிக்கொண்டிருந்தது. அவள் தொட்டில் பக்கம் நகர்ந்தாள்.

"இரு, இரு. தொண்டைக்குச் சூடா தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ" என்று நான் குறுக்கே போய் நின்றேன். அடுப்பிலிருந்த கேத்தலை எடுத்துக் கோப்பையில் ஊற்றி நீட்டினேன். அவள் கை நீட்டியதும் கோப்பையை அதன்மேல் சாய்த்தேன்.

"ஐயோ, கையி! கண்ணு என்ன பொடனியிலயாடி இருக்கு?"

நிரஞ்சலா இல்லை! மூக்கால் இழுத்துப் பேசும் அந்தக் குரல் கஜேந்திரனின் தங்கச்சி யோகேஸ்வரியுடையது. முன்பு இதே காம்பராவில் பிள்ளையை விட்டவள்தான்.

"இன்னும் ஒரு அடி எடுத்து வச்ச, கேத்தலோட தலையில கவுத்துருவேன், நாயே!" என்று கத்தினேன். கேத்தலை ஓங்கியதில் அதன் மூடி கடகடத்தது. குழந்தைகள் எல்லாம் எழுந்து வீறிட்டன.

அவள் படிவரை பின்னால் நகர்ந்தாள். "நீ யாரையும் மொகத்த வச்சுக் கண்டுபிடிக்க மாட்டன்னு எனக்கு எப்பவோ தெரியும்டி. ஒவ்வொருத்தியும் பேசுற வரைக்கும் பேந்தப் பேந்த முழிப்ப. ஊரெல்லாம் சொல்றேன் பாரு" என்றாள். ஓடிப்போய் ஆட்டோவில் ஏறினாள். நான் கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு நிஷாந்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். சாயங்காலம்வரை இறக்கவில்லை.

தராசில் கொழுந்து நிறுத்து முடித்து எல்லாரும் வந்தார்கள். நிரஞ்சலாவின் குரல் கேட்ட பிறகுதான் கதவைத் திறந்தேன். நடந்ததைச் சொன்னேன். அவள் பிள்ளையைப் பிடுங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"வாசல்லயே அவ மூஞ்சிய பாத்திருப்பீங்கல்ல? ஏன் உள்ள விட்டீங்க?"

பொய் வாய்வரை வந்தது. மாதா மேல் செய்த சத்தியம் தடுத்தது.

"எனக்கு மொகம் தெரியாது நிரஞ்சலா. ஒன் மொகமும் தெரியாது. ஒன் சத்தந்தான் தெரியும்."

"இத்தன நாளும் ஆளு தெரியாமத்தான் எம்புள்ளைய தந்தீங்களா? அந்தச் சிறுக்கிக்குத் தெரிஞ்சிருக்கு, பெத்தவ எனக்குத் தெரியல! எங்கிட்ட சொல்லியிருக்க வேணாமா?"

அவள் கேட்டது நியாயம்தான். அவள் வெடுக்கென்று திரும்பி, வாசலில் நின்ற பச்சைச் சட்டைகளைப் பார்த்துக் கத்தினாள்.

"எல்லாரும் கேட்டுக்கோங்க! கொரட்டி அக்காவுக்கு மொகம் தெரியாதாம். இனி பேரச் சொல்லிப் புள்ளைய வாங்குங்க. பேசாம வந்து நிக்கிறவளுக்கு இங்க புள்ள கெடையாது!"

மானம் போச்சு. இனி ஒவ்வொருத்தியாகப் பிள்ளையை வாரிக்கொண்டு போவாள், நாளைக்கு எந்தத் தொட்டிலிலும் பிள்ளை இருக்காது என்று நினைத்தேன்.

ஒருத்தி முன்னால் வந்தாள். தொண்டையைக் கனைத்தாள்.

"கருப்பம்மா வந்திருக்கேன்."

என் கல்யாணத்துக்கு வந்தவளை ரோட்டில் பார்த்துச் சிரிக்காமல் போனேன் என்று, அன்றிலிருந்து என்னோடு பேச்சே இல்லாதவள். பேசாமலேயே பிள்ளையை விட்டுப் பேசாமலேயே வாங்கிப் போவாள்; வாய் திறக்காமல் வருகிறவள் அவள் ஒருத்திதான் என்பதே எனக்கு அடையாளம்.

"அன்னைக்கு நீ என்னய அவமதிச்சேன்னுல்ல நெனச்சேன்" என்றாள், குரல் உடைய. "எம்மகளத் தா கொரட்டி."

மூக்கை உறிஞ்சிக்கொண்டே அவள் மகளைத் தூக்கிக் கொடுத்தேன். பின்னால் நின்றவள் அதற்குள் தன் பேரைச் சொன்னாள்.