யார் கொளுத்தலாம்

மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருந்தபோது பீலிக்ஸ் விளக்கை அணைத்தான்.

வேண்டுமென்று செய்யவில்லை. மத்தியானச் சாப்பாடு முடிந்து அடுப்புகள் எல்லாம் நின்றிருந்தன. சமையலறையில் ஆள் இல்லை. ஆளில்லாத இடத்தில் விளக்கு எரிந்தால் அவன் கை சும்மா இருக்காது. பொருளாதாரத் தடை இருந்த வருடங்களில் யாழ்ப்பாணத்தில் ஜாம் போத்தலுக்குள் திரி போட்டு எரித்தவன். மண்ணெண்ணெய் தங்கம் விற்ற விலை விற்றது. பேர்லினுக்கு வந்து பன்னிரண்டு வருடமாகியும் அவன் விரல்கள் அதை மறக்கவில்லை. துடைத்த தட்டுகளை அடுக்கினான். ஈரக் கையால் திரியைக் கிள்ளினான். அடுத்த வேலைக்குப் போய்விட்டான்.

அவன் மனைவி மரியமலர் நிலவறையிலிருந்து உருளைக்கிழங்குப் பையோடு ஏறி வந்தபோது விளக்குத் தட்டில் புகை மட்டும் நின்றது.

"இஞ்சருங்கோ. விளக்கெங்கை?"

"என்ன விளக்கு?" என்று திரும்பியவன் வாயைப் பொத்திக்கொண்டான். "ஐயோ, மாதாவே."

அது குரேவிச்சின் விளக்கு.

அவர்களுடைய கடை ஷார்லொட்டன்பேர்க் பகுதியில் ஒரு குறுக்குத் தெருவில் இருந்தது. மரக்கறிச் சாப்பாடு மட்டும். தோசை, இடியப்பம், பருப்பு, சொதி. வாசல் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. இங்கே சமைப்பது கோஷர், யூத சமய விதிக்கு உட்பட்டது என்று யூத மதகுருவான ரபி கையெழுத்துப் போட்ட தாள். அந்தக் கையெழுத்து பொய்யாகாமல் பார்க்கும் வேலை குரேவிச்சினுடையது. ஒடெசாவிலிருந்து வந்தவர். நரைத்த தாடி, எப்போதும் ஒரே கறுப்புத் தொப்பி. காலையில் கடை திறக்க முன்னரே வந்து நிற்பார். மாவை அரிப்பார். பருப்பைப் பரப்பிப் பார்ப்பார். கறிவேப்பிலையை உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, இலை இலையாக வெளிச்சத்தில் பிடித்துப் பூச்சி தேடுவார். கடைசியாக அந்தக் கண்ணாடி விளக்கை ஏற்றுவார். சமைக்கும் நெருப்பை யூதர் ஒருவர் மூட்டியிருக்க வேண்டும் என்பது விதி. அவர் ஏற்றிய விளக்கிலிருந்து எந்த அடுப்பையும் யாரும் பற்றவைக்கலாம். விளக்கு மட்டும் அணையக் கூடாது.

முதன்முதல் அவர் கடையைப் பார்க்க வந்த அன்று, மாசிச் சம்பல் இடிக்கும் உரலைக் கண்டு தலையை ஆட்டினார். பீலிக்ஸுக்குக் கோபம் வந்தது. கப்பலில் எடுப்பித்த உரல். மாசியும் மீன்தான், செதில் உள்ள மீனை நீங்கள் சாப்பிடுவீர்கள்தானே என்று தனக்குத் தெரிந்த ஜெர்மனில் வாதாடினான்.

"சாப்பிடுவோம். காயப்போட்டபோது அது எந்த மீன் என்று யார் பார்த்தது?" என்று கேட்டார் குரேவிச்.

உரல் வீட்டுக்குப் போனது.

மரியமலருக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. யார் பார்த்தது. அவள் வேலை செய்த ஒரு சமையலறையிலும் எவரும் அப்படிக் கேட்டதில்லை. கறிவேப்பிலையில் பூச்சி இருக்கும் என்பதே அவளுக்கு அதுவரை தெரியாது. சாப்பிட வருபவர்களும் அவளுக்குப் புதுமையாக இருந்தார்கள். வாசலில் நின்று தாளைப் படிப்பார்கள். திகதியைப் பார்ப்பார்கள். பிறகுதான் மேலங்கியைக் கழற்றுவார்கள். கழற்றிய பின் ஒரு கேள்வி இல்லை. வேலை விஷயமாக வந்த ஒருவர், விடுதி அறையில் நாட்கணக்காகப் பாணும் அப்பிளும் தின்றவர், முதல் கரண்டி சொதியைக் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அவர் அவளுடைய பெயரைக்கூடக் கேட்கவில்லை. ஊர் பேர் தெரியாத ஒருத்தியின் கையால் ஒரு மனிதன் அப்படிச் சாப்பிடுவதை அவள் சமையலறைக் கதவில் நின்று பார்த்தாள்.

இன்று மாலை ஏழு மணிக்கு ஒரு நிச்சயதார்த்தம். இருபது பேர். இலண்டனிலிருந்து வருகிறார்கள். நான்கு மணிக்கு அடுப்பு மூட்டினால்தான் சரிவரும்.

பீலிக்ஸ் சட்டைப்பையிலிருந்து லைட்டரை எடுத்தான். "கொளுத்தினாப் போச்சு. ஆருக்குத் தெரியப்போகுது?"

"வையுங்கோ அதை."

"நெருப்புக்கு என்ன சாதி, மலர்? அதே எண்ணெய், அதே திரி."

"அப்ப ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு அப்பத்தைப் பேக்கரியிலை வாங்குவம். அதே மா, அதே தண்ணி. சுவாமியாருக்குப் போன் அடிக்கட்டோ?"

பீலிக்ஸ் லைட்டரை உள்ளே போட்டான். "உம்மோடை கதைச்சு வெல்ல ஏலாது."

அவள் தொலைபேசியை எடுத்தாள். ரபியின் அலுவலகத்தில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. விருந்துக்காரர்கள் விமானத்தில் இருந்தார்கள். தெரிந்த யூத வாடிக்கையாளர் இருவரின் இலக்கங்களில் பதிவுக்குரல்தான் பேசியது. குரேவிச் எடுத்தார். காலையில் விளக்கை ஏற்றிவிட்டு ஹனோவருக்குப் போனவர், திரும்பி வரும் ரயிலில் இருந்தார். ரயில் ஸ்டெண்டாலுக்குப் பக்கத்தில் வயல் நடுவில் நின்றுபோயிருந்தது.

"எப்போது வந்து சேருவீர்கள்?"

"அதை ரயிலிடம்தான் கேட்க வேண்டும். ஏழுக்கு முன்னர் இல்லை."

நடந்ததைச் சொன்னாள். ஏச்சு விழும் என்று காத்திருந்தாள்.

"நீங்களே திரும்ப ஏற்றினீர்களா?"

"இல்லை."

மறுமுனையில் ரயிலின் ஒலிபெருக்கி ஏதோ மன்னிப்புக் கேட்டது.

"ஏற்றியிருந்தால் எனக்குத் தெரிந்திராது" என்றார். "நன்றி, ஃப்ரௌ பீலிக்ஸ்."

"நன்றி இருக்கட்டும். இருபது பேர் வருகிறார்கள்."

"நான்தான் ஏற்ற வேண்டும் என்றில்லை. யூதர் யார் ஏற்றினாலும் சரி. கடையில் இப்போது யாராவது இருக்கிறார்களா?"

"ஐந்தாறு பேர் தேநீர் குடிக்கிறார்கள். யார் எவர் என்று எனக்குத் தெரியாது."

"கேளுங்கள் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. கேட்கலாம் என்று மட்டும் சொல்கிறேன்."

"என்னவாம்?" என்றான் பீலிக்ஸ்.

"உள்ளை இருக்கிறவையிலை யூத ஆக்கள் இருக்கினமோ எண்டு கேக்கலாமாம்."

"எந்த ஊரிலை? பேர்லினிலையோ? மேசை மேசையாப் போய் 'நீங்கள் யூதரோ' எண்டு கேக்கப்போறீரோ? சாப்பாட்டுக்கு முதல் பொலிஸ் வரும், மலர்."

அவள் சிரிக்கவில்லை. எண்பத்துமூன்றுக் கலவரத்தில் கொழும்பில் அவள் இருந்த பஸ்ஸை மறித்து ஒருவன் ஏறினான். தமிழர் யாராவது இருந்தால் எழும்புங்கள் என்றான். சத்தம் போடவில்லை. மரியாதையாகத்தான் கேட்டான். அவள் எழும்பவில்லை. பக்கத்தில் இருந்த சிங்களப் பெண் ஒன்றும் பேசாமல் தன் குழந்தையைத் தூக்கி அவள் மடியில் வைத்தாள். அவன் கடந்து போனான்.

மரியமலர் கதவுக் கண்ணாடியால் பார்த்தாள். மடிக்கணினியோடு இரண்டு மாணவர்கள். நகர வரைபடத்தை விரித்து வைத்திருந்த ஒரு தம்பதி. பத்திரிகை படிக்கும் ஓர் ஆள். ஜன்னலோரம் ஃப்ரௌ கெஸ்லர். எழுபது தாண்டிய பெண்மணி. வியாழக்கிழமை தவறாமல் கைத்தடியை ஊன்றிக்கொண்டு வருபவர். இடியப்பத்தைக் கத்தியால் வெட்டி முள்ளுக்கரண்டியால் சாப்பிடுவார். சொதிக்கு இன்று தேசிக்காய்ப் புளி காணாது என்று குறை சொல்லுவார். கதவில் உள்ள தாளை ஒரு நாளும் படித்ததில்லை.

"கேக்கப் போறன்" என்றாள். "ஆனா அப்பிடிக் கேக்க மாட்டன்."

ஏப்ரனைக் கழற்றி வைத்துவிட்டு மேசைகளுக்கு நடுவில் போய் நின்றாள்.

"மன்னிக்க வேண்டும். எங்கள் சமையலறை விளக்கு அணைந்துவிட்டது. எங்களுடைய பிழை. கதவில் உள்ள தாளை நம்பி மாலையில் இருபது பேர் வருகிறார்கள். அந்த விதிப்படி விளக்கை நாங்கள் ஏற்ற முடியாது. யூதர் ஒருவர்தான் ஏற்றலாம். நான் யாரையும் யார் என்று கேட்கவில்லை. கழிவறைக்குப் போகும் வழியில்தான் சமையலறை. கதவு திறந்திருக்கும். தீப்பெட்டி விளக்குக்குப் பக்கத்தில் இருக்கும். நானும் கணவரும் சுவரைப் பார்த்து நிற்போம். போகிறவர் எதற்குப் போகிறார் என்று எவருக்கும் தெரிய வேண்டியதில்லை."

மாணவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பத்திரிகை படித்தவர் அதை உயர்த்திக்கொண்டார். அவள் முகம் சுட்டது. உள்ளே போய் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே இருந்த வெள்ளை ஓடுகளைப் பார்த்து நின்றாள். பீலிக்ஸும் பக்கத்தில் வந்து நின்றான்.

"பள்ளிக்கூடத்திலை வகுப்புக்கு வெளியிலை நிப்பாட்டின மாதிரி இருக்கு" என்று முணுமுணுத்தான்.

"வாயை மூடிக்கொண்டு நில்லுங்கோ."

"ஆரும் வராட்டி?"

"வாற சனத்துக்குத் தேத்தண்ணியும் பழமும் குடுத்து நடந்ததைச் சொல்லுவம்."

"சொன்னா தாள் போயிடும், மலர். தாள் போனா கடை போயிடும்."

"தெரியும்."

அவன் லைட்டரை எடுத்து அவள் கையில் வைத்தான். அவள் அதைத் தொட்டிக்குள் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டாள்.

காலடிச் சத்தம் கேட்டது. நெருங்கியது, கடந்தது. கழிவறைக் கதவு சாத்துப்பட்டது. தண்ணீர் ஓடியது. அதே காலடி திரும்பிப் போனது. பீலிக்ஸ் பெருமூச்சு விட்டான்.

பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை. தெருவில் ஒரு பஸ் நின்று போனது. அவள் இருபது பேருக்கு எப்படிச் சொல்வது என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். ஜெர்மனில் ஒரு தரம், ஆங்கிலத்தில் ஒரு தரம்.

ஓட்டுத் தரையில் ரப்பர் முனை ஒன்று ஊன்றும் சத்தம் கேட்டது. ஊன்றி, இழுத்து, ஊன்றி. அந்தக் கைத்தடியின் நடை அவளுக்குத் தெரியும். கதவருகே வந்து நின்றது. மரியமலர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

ஒரு குச்சி உரசி முறிந்தது. இன்னொரு குச்சி. மருந்து எரியும் மணம் வந்தது.

இனித் தடி திரும்பிப் போகும் என்று காத்திருந்தாள். போகவில்லை. பின்னால் ஒரு மூச்சு, வயதான மூச்சு, சற்று வேகமாக வந்துகொண்டிருந்தது. பிறகு, சொதிக்குத் தேசிக்காய் காணாது என்று சொல்லும் அதே குரல் பேசியது.

"திரும்புங்கள், ஃப்ரௌ பீலிக்ஸ். நான்தான் ஏற்றினேன் என்று யாராவது பார்த்திருக்க வேண்டாமா?"