எலுமிச்சை மணத்த கடல்

கடல் தண்ணீரில் எலுமிச்சை வாசம் அடித்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

துறைமுகத்தின் மூலையில், கப்பல்கள் கசியவிட்ட எண்ணெய் தேங்கிக் கிடந்த இடத்தில், மரத்தூளில் பூஞ்சை வளர்த்து வலைப் பைகளில் கட்டி மிதக்கவிட்டிருந்தேன். பூஞ்சை எண்ணெயைத் தின்னும், ஆனால் ஆற அமரத்தான் தின்னும். இன்னும் ஏப்பம் விடவில்லையா என்று படகுக்காரர்கள் என்னைச் சீண்டுவார்கள். அன்று அதிகாரிகள் பார்வையிட வருவதாக இருந்தது. அவர்களுக்குத் திருப்தி இல்லையென்றால் என் ஆராய்ச்சிக்கு மூடுவிழாதான்.

முந்தைய நாள்வரை கருகருவென்று கிடந்த தண்ணீர் அன்று காலை பளிச்சென்று இருந்தது. ஆய்வகமே துள்ளிக் குதித்தது. நான் ஒரு பையைத் தூக்கி, வழக்கம்போல முதலில் முகர்ந்து பார்த்தேன். உயிருள்ள பை மழையில் நனைந்த கட்டைபோல மணக்கும். இதில் மணத்தது எலுமிச்சை, படகு கழுவும் சோப்புத் திரவத்தின் வாசம். வெள்ளை இழைகள் பழுப்பேறிக் கொழகொழத்திருந்தன. எண்ணெய் எங்கும் போய்விடவில்லை, சோப்பில் உடைந்து தண்ணீருக்குள் கலந்திருந்தது.

எங்கள் ஆய்வகத்துக்கு இருப்பது ஒரே படகு. ஓட்டுவது என் அத்தான், அக்காவின் கணவர். பைகளைப் பார்த்துக்கொள்ள நானே கெஞ்சிக் கூட்டிவந்த மனிதர்.

கேட்டதும் மறைக்கவில்லை. ஆய்வக இயக்குநர் சொன்னாராம், விடியற்காலையில் இவர் படகிலிருந்து சோப்பைத் தெளித்தாராம்.

"நீ தோத்துடக் கூடாதேன்னுதான்மா. உனக்காகத்தான் செஞ்சேன்."

எனக்காகவாம். பற்றிக்கொண்டு வந்தது.

படகு நுழைய முடியாத தூண் இடுக்கில் ஒரு பை மட்டும் தப்பியிருந்தது. இழுத்துப் பார்த்தேன். பஞ்சுபோல வெள்ளை, அதே கட்டை வாசம். அது மிதந்த இடத்தைச் சுற்றி மட்டும் எண்ணெய்ப் படலம் மறைந்து, தூணில் ஒட்டிய பாசி அடிவரை தெரிந்தது. என் பூஞ்சை ஜெயித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. இந்தப் பாவிகளுக்குப் பொறுக்கவில்லை.

"இதையும் நம்பல, என்னையும் நம்பல. அப்படித்தானே அத்தான்?"

அவர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே இருந்தார்.

அதிகாரிகள் இயக்குநரோடு படிகளில் இறங்கி வந்தார்கள். மூத்தவர் தண்ணீரைப் பார்த்துவிட்டு, முகம் மலர்ந்து எனக்குக் கை நீட்டினார். அத்தான் கண்ணாலேயே கெஞ்சினார். அக்காவின் முகம் மனதில் வந்து நின்றது. இருந்தும் செத்த பையை அந்தக் கையில் வைத்து, முகர்ந்து பார்க்கச் சொன்னேன். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். இயக்குநர் கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

அதிகாரி முகம் சுளித்தபடி அத்தானைக் காட்டினார்.

"இந்த ஆளை நம்பி யாரு இதையெல்லாம் ஒப்படைச்சது?"

"நான்தான் சார்."