மோரில் கலக்கிய மாத்திரை

தாராவியில் எங்கள் வரிசையில் எனக்கு வைத்தியம் சொல்லாத ஜீவன்கள் இரண்டே. ஒன்று எதிர்வீட்டு ஆடு. மற்றது அதன் குட்டி. மீதி எல்லோருக்கும் என் வியாதி என்னவென்று நிச்சயமாகத் தெரியும். சூடு.

நான் பூதத்தான். நாகூர் கனி பாயின் கார்கானாவில் சூட்கேசுக்குத் தோல் வெட்டுகிறவன். பதினெட்டு வருஷமாகக் கையில் பிடித்தது ராம்பி, தோல் வெட்டும் கத்தி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து நாலில் அந்தக் கை நடுங்க ஆரம்பித்தது. பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் நடுக்குவாதம் என்று சொல்லி சொட்டு மருந்து கொடுத்தார். இரண்டு வருஷத்தில் அது போதாமல் போகவே, அதை நிறுத்திவிட்டு வெள்ளை மாத்திரை எழுதினார், தினம் மூன்று. பத்தே நாளில் கை அடங்கிவிட்டது. "பூதத்தாண்ணே, பழைய வெட்டு வந்துட்டு" என்றார் கனி பாய்.

கையை அடக்கிய மாத்திரை மற்றதையெல்லாம் கெடுத்தது. வாயில் பொட்டு எச்சில் இல்லை. சோறு தொண்டையில் நின்றது. தோலில் போட்ட கோடு இரண்டாகத் தெரிந்தது. காலையில் டப்பாவோடு கக்கூஸ் வரிசையில் அரைமணி நின்று உள்ளே போனால், ஒன்றும் வராது, இரண்டும் வராது. பின்னால் நிற்கிறவன் கதவைத் தட்டித் திட்டுவான்.

"இங்கிலீஸ் மருந்து சூடுல்லா" என்றாள் பக்கத்து வீட்டுச் சொர்ணம்மாள். வெந்தயம் வந்தது. இளநீர் வந்தது. கனி பாய் வீட்டிலிருந்து சப்ஜா விதை போட்ட சர்பத் வந்தது. எண்ணெய் தேய்த்துக் குளிக்கச் சொன்னார்கள். குளித்தேன், சளி பிடித்தது. அதற்கும் ஆளுக்கொரு கஷாயம். என் மனைவி முருகம்மாளும் சூடுதான் என்றாள். மாத்திரை விழுங்க முடியாமல் நான் படும் பாட்டைப் பார்த்து, அம்மியில் பொடித்து மோரில் கலக்கித் தர ஆரம்பித்தாள்.

வாய் கொஞ்சம் ஈரமாயிற்று. ஆனால் பதினைந்து நாளில் நடுக்கம் திரும்பிவிட்டது. ஒரு நல்ல தோலைக் கோணலாக வெட்டினேன். கனி பாய் ராம்பியை வாங்கி வைத்துவிட்டு என்னைப் பசை தடவ உட்காரவைத்தார். நேற்று ரயிலை விட்டு இறங்கியவன் செய்கிற வேலை அது. வந்த ஆத்திரத்துக்குப் பசை டப்பாவை உதைத்திருப்பேன். காலும் சொன்னபடி கேட்கவில்லை.

மறுநாளே முருகம்மாளையும் இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். மாத்திரை சுத்த மோசம் என்று டாக்டரிடம் இந்தியில் கத்தினேன். மூன்றும் சாப்பிடுகிறாயா என்று கேட்டார். ஒரு வேளை தவறவில்லை சாப் என்றேன். அவர் மறுபடி சீட்டில் எழுதத் தொடங்கினார்.

"என்ன எழுதுதாரு?" என்றாள் முருகம்மாள்.

"இனிமே தெனம் ஆறு."

அவள் என் சட்டையைப் பிடித்தாள். "வேண்டாம்னு சொல்லுங்க. நான் மோருல பாதிதான் போட்டேன். இருவது நாளா."

"ஏளா, ஒனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு?"

"எனக்கில்ல" என்று பையிலிருந்து ஒரு சேலைத் துண்டை எடுத்தாள். "அன்னைக்கு ஞாயித்துக்கெழம மத்தியானம் படுத்திருந்தேன். நீங்க வீட்டுல வச்சுத் தீட்டுன ராம்பியோட பக்கத்துல வந்து உக்காந்திய. எம் முந்தானைய விரிச்சு, 'கனி பாய், நல்ல தோலு'ன்னு சொல்லிக்கிட்டே வெட்டுனிய. இடுப்பு வரைக்கும் வந்துட்டிய. அசைஞ்சா எங்க படுமோன்னு மூச்ச அடக்கிக்கிட்டுக் கெடந்தேன். பொறவு ராம்பியத் தொடச்சு வச்சிட்டுக் காப்பி கேட்டிய."

எனக்கு எதுவும் நினைவில்லை. "ஏன் சொல்லல?"

"சொன்னா ஒங்க கத்தியப் புடுங்கிருவாங்கள்லா."

துண்டைத் தடவிப் பார்த்தேன். ஓரம் நூல் பிடித்ததுபோல் நேராக இருந்தது. இரண்டு வருஷத்தில் அப்படி ஒரு வெட்டு நான் வெட்டியதில்லை. வெட்கமாக இருந்தது. அதைவிடக் கேவலம், கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

"க்யா போல்தி ஹை?" என்ன சொல்கிறாள் என்று டாக்டர் பேனாவை நிறுத்தி என்னைக் கேட்டார்.

அவளுக்கு இந்தி தெரியாது. அவருக்குத் தமிழ் தெரியாது. 'சூடு என்கிறாள் சாப்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தினம் ஆறு மாத்திரை, மறுபடி என் கையில் ராம்பி. அவள் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். துண்டையும் காட்டினேன். படுத்திருந்தது யார் என்று கேட்டார். இவள்தான் சாப் என்றேன். அவர் எழுதியதை அடித்தார். சூடுமில்லை ஒன்றுமில்லை, வாய் காய்வதும் மூத்திரம் அடைப்பதும் புத்தி தடுமாறுவதும் இந்த மாத்திரையால்தான், முதல் நாளே வந்து சொல்வதற்கு என்ன என்று என்னைத் திட்டித் தீர்த்துவிட்டுப் பாதி மாத்திரை என்று எழுதினார். நடுக்கம் இருக்குமா என்று கேட்டேன். இருக்கும் என்றார்.

பஸ் ஸ்டாப் வரைக்கும் பொறுத்தேன். அதற்குமேல் முடியவில்லை. "இதையெல்லாம் மனசுல வச்சுக்கிட்டா இருவது நாளா எம் பக்கத்துல படுத்துக் கெடந்த?" என்று கத்தினேன். நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"பொறவு? நம்ம வீட்டுல வேற எங்கன போயிப் படுக்க?" என்றாள் முருகம்மாள்.